சொல் வந்த வழி: ‘கேட்டரிங்’

தை, மாசி முகூர்த்தங்களுக்கு மண்டபம் பேசி முன்பணம் கொடுக்கும் காலம் இது. அதனால்தான் போலும், இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை விருந்தையும் அதை ஏற்று நடத்துவோரையும் குறிக்கும் சொற்களைப் பற்றியே கேட்கின்றன. மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

வாசகி, அம்மாபேட்டை, சேலம்

கேள்வி: வரும் தை மாதம் என் மகனுக்குத் திருமணம். என் திருமணத்துக்குச் சமையல்காரர் வந்தார். இப்போதோ உறவினர் எல்லோரும் ‘கேட்டரிங் யார்?’ என்றுதான் கேட்கிறார்கள். ‘ரெண்டுக்கும் என்ன வித்தியாசம் கண்ணு?’ என்று எண்பது வயதைக் கடந்த என் மாமியார் கேட்டார். பரிமாறுகிறவர்கள் ஒரே மாதிரி சட்டை போட்டிருப்பார்கள் என்று சொல்லிச் சமாளித்துவிட்டேன். அது சரியான பதில் இல்லை என்பது எனக்கே தெரிகிறது. அந்தச் சொல்லின் உண்மையான பொருள் என்ன? எந்த மொழியிலிருந்து வந்தது?

பதில்: உங்கள் மாமியார் கேட்ட கேள்விக்குள்ளேயே இந்தச் சொல்லின் வரலாறு அடங்கியிருக்கிறது. ‘கேட்டரிங்’ என்றதும் நமக்குச் சமையலும் பரிமாறுதலும்தான் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அந்தச் சொல்லின் வேரில் அடுப்பும் இல்லை, கரண்டியும் இல்லை. காசு கொடுத்துப் பண்டம் வாங்குதல் என்பதே அதன் பழைய பொருள்.

லத்தீனில் ‘கபெரே’ என்றால் எடுத்தல், பற்றுதல். அதிலிருந்து ‘கப்தாரே’ என்ற சொல் பிறந்தது. பிடிக்க முயலுதல், தேடிச் செல்லுதல் என்பது அதன் பொருள். அதற்கு முன்னொட்டு ஒன்று சேர்ந்து, மக்களின் பேச்சு லத்தீனில் ‘அக்கப்தாரே’ என்று ஆகி, பழைய பிரெஞ்சு மொழியில் ‘விலைக்கு வாங்குதல்’ என்ற பொருளில் நிலைத்துவிட்டது. இன்றும் பிரெஞ்சுக்காரர்கள் வாங்குதலை ‘அஷ்தே’ என்றுதான் சொல்கிறார்கள்.

‘அஷ்தே’ எங்கே, ‘கேட்டரிங்’ எங்கே என்று தோன்றலாம். பாரிஸ் வட்டாரத்தில் ‘ஷ’ ஒலியாக மாறிய இடத்தில், வடக்கே நார்மண்டி வட்டாரத்தார் பழைய ‘க’ ஒலியையே வைத்துக்கொண்டார்கள். இது நமக்குப் புரியாத விஷயம் அன்று. நாம் ‘செவி’ என்பதைக் கன்னடத்தில் ‘கிவி’ என்கிறார்கள். நம்முடைய ‘செம்மை’க்கு அவர்கள் ‘கெம்பு’ என்பார்கள். தமிழில் சகரமாக மாறியது கன்னடத்தில் ககரமாகவே நின்றதுபோல, பாரிஸில் மாறியது நார்மண்டியில் மாறாமல் நின்றது. 1066இல் நார்மானியர்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றியபோது, அவர்களுடைய ‘க’கரச் சொல்லும் கடல் கடந்து ஆங்கிலத்துக்குள் நுழைந்தது.

அந்நாளைய பிரபுக்களின் மாளிகைகளிலும், துறவியர் மடங்களிலும், சட்டம் பயில்வோர் தங்கிய விடுதிகளிலும் நாள்தோறும் பலர் சேர்ந்து உண்டார்கள். அத்தனை பேருக்கும் வேண்டிய தானியம், இறைச்சி, மீன் முதலியவற்றைச் சந்தையில் விலை பேசி வாங்கி வருவதற்கென்றே ஒரு பணியாளர் இருந்தார். அவருக்கு ‘அகாட்டூர்’, அதாவது வாங்குபவர், என்று பெயர். 14ஆம் நூற்றாண்டின் ஆங்கிலக் கவிஞர் சாசர் தம் கதைத் தொகுப்பின் முன்னுரைப் பகுதியில், உணவுப் பொருள்களைப் புத்திசாலித்தனமாகக் கொள்முதல் செய்வது எப்படி என்பதை இப்பணியாளர்கள் ஒரு விடுதிக் காரியக்காரரிடம் கற்றுக்கொள்ளலாம் என்று பாடியிருக்கிறார். நாம் இரண்டைப் பேச்சில் ‘ரெண்டு’ என்று சுருக்குவதைப்போல, அவர்களும் முதல் உயிரை விழுங்கிவிட்டார்கள். ‘அகாட்டூர்’ சுருங்கிக் ‘காட்டூர்’ ஆகி, பின்னர்க் ‘கேட்டர்’ ஆனது.

அதுவரை ஆளைக் குறித்த பெயர்ச்சொல் 1600ஐ ஒட்டி வினைச்சொல்லாகவும் வழங்கத் தொடங்கியது. ஷேக்ஸ்பியரின் நாடகம் ஒன்றில் முதிய வேலைக்காரர் ஒருவர், காக்கைக்கு இரை தருபவனும் சிட்டுக்குருவிக்குக் ‘கேட்டர்’ செய்பவனுமாகிய இறைவன் என் முதுமைக்குத் துணையாகட்டும் என்று வேண்டுகிறார். அங்கே வாங்குதல் என்ற பொருள் மங்கி, முன்யோசனையோடு உணவு கிடைக்கச் செய்தல் என்ற பொருள் மேலே வந்துவிட்டதைக் காண்கிறோம். பிற்காலத்தில் உணவையும் தாண்டி, ஒருவருடைய தேவைக்கும் விருப்பத்துக்கும் ஈடுகொடுத்தல் என்ற பொருளும் ஆங்கிலத்தில் சேர்ந்துகொண்டது. சொல்லைத் தந்த பிரெஞ்சு மொழியில் விருந்தை ஏற்று நடத்துபவருக்கு இந்தப் பெயர் இல்லை என்பது எனக்கு என்றும் வியப்பளிப்பது. அங்கே அவர் ‘த்ரெத்தூர்’, அதாவது உபசரிப்பவர்.

இனி, உங்கள் மாமியாருக்கு வருவோம். அவர் காலத்துத் திருமணத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். சமையல்காரர் வீட்டுக்கு வருவார். திண்ணையில் உட்கார்ந்து, ‘எத்தனை இலை?’ என்று ஒரே ஒரு கேள்வி கேட்பார். பிறகு அவர் சொல்லச் சொல்ல, வீட்டுப் பிள்ளைகளில் கையெழுத்து நன்றாக உள்ள ஒருவர் பிள்ளையார் சுழி போட்டு, முதல் வரியில் மஞ்சள் என்று தொடங்கிப் பட்டியல் எழுதுவார். அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு செவ்வாய்ப்பேட்டைக்கும் லீ பஜாருக்கும் போய்ப் பருப்பும் வெல்லமும் ஜவ்வரிசியும் விலை பேசி வாங்கி வருவது குடும்பத்தாரின் வேலை. சமையல்காரர் தம் ஆட்களோடும் கரண்டிகளோடும் வந்து சமைத்துக் கொடுத்துக் கூலி பெறுவார்.

வாங்கியவை எல்லாம் உக்கிராணத்தில் அடுக்கப்படும். 1984இல் என் அக்காவின் திருமணத்தின்போது அந்த உக்கிராண அறையின் சாவியை அப்பா என்னிடம் கொடுத்திருந்தார். விடியற்காலை நான்கு மணிக்குத் தலைமைச் சமையல்காரர் இடுப்பில் ஈரத்துண்டோடு வாசலில் வந்து நின்று, ‘தம்பி, துவரம்பருப்பு இன்னும் ரெண்டு படி’ என்பார். நான் தலைதட்டி அளந்து போட்டுவிட்டு, கதவின் உட்புறத்தில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு இழுப்பேன். எண்ணெய் வேண்டுமானாலும் கேட்டுத்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். ஏலக்காய் வேண்டுமானாலும் அப்படித்தான். மீந்துபோன மூட்டைகளைப் பிரிக்காமல் மறுநாளே கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, கணக்கை நேர் செய்தோம். அன்று அடுப்படியில் நின்றவர் சமையல்காரர். பட்டியலைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக ஏறிய என் சித்தப்பாதான் அந்த வீட்டின் ‘அகாட்டூர்’.

இன்று அந்த இரண்டு வேலைகளும் ஒருவர் கைக்குப் போய்விட்டன. இலைக்கு இவ்வளவு என்று பேசி முடித்துவிட்டால், அரிசி வாங்குவது முதல் இலை எடுப்பது வரை அவர் பாடு. விலை ஏறினாலும் அவருக்கு, மிஞ்சினாலும் அவருக்கு. ஆகவே உங்கள் மாமியாரிடம் இப்படிச் சொல்லுங்கள்: சாமான் நாம் வாங்கிக் கொடுத்தால் அவர் சமையல்காரர், அவரே வாங்கி வந்தால் அது கேட்டரிங். தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் கடந்த அந்தச் சொல்லின் பழைய பொருள், தன்னை அறியாமலே, நம் ஊர்த் திருமணத்தில் மறுபடி உயிர் பெற்றிருக்கிறது. ஒப்பந்தம் பேசும்போதும் இதை நினைவில் வையுங்கள். பாலும் தயிரும் வாழையிலையும் குடிநீரும் யார் வாங்குவது என்பதை வாய்ப்பேச்சாக விடாமல் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பெரும்பாலான மனக்கசப்புகள் அடுப்பில் அல்ல, இந்த வாங்கும் வேலையில்தான் தொடங்குகின்றன.

வாசகர், கொண்டலாம்பட்டி

கேள்வி: பெயர்ப்பலகை எழுதும் கடை வைத்திருக்கிறேன். ஒருவர் ‘கேட்டர்ஸ்’ என்று எழுதச் சொல்கிறார்; இன்னொருவர் ‘கேட்டரர்ஸ்’ என்கிறார். எது சரி? தவறு என்று தெரிந்தும் எழுதிக் கொடுக்க மனம் வரவில்லை.

பதில்: தொழிலின்மேல் உங்களுக்குள்ள அக்கறைக்கு என் வணக்கம். இன்றைய ஆங்கில வழக்குப்படி ‘கேட்டரர்ஸ்’ என்பதே சரி. ‘கேட்டர்’ என்பது இப்போது வினைச்சொல். அதைச் செய்பவர் ‘கேட்டரர்’.

ஆனாலும் ‘கேட்டர்ஸ்’ என்று எழுதச் சொல்பவரைக் கடிந்துகொள்ள வேண்டாம். முதற்பதிலில் சொன்னதுபோல, பழைய ஆங்கிலத்தில் ‘கேட்டர்’ என்பதே ஆளின் பெயராக இருந்தது. அதன் ஈற்றிலுள்ள ‘அர்’ செய்பவரைக் குறிக்கும் விகுதி என்பது காலப்போக்கில் மறந்துபோகவே, மேலும் ஓர் ‘அர்’ சேர்த்துக் ‘கேட்டரர்’ ஆக்கினார்கள். கோழி விற்பவருக்கும் பழம் விற்பவருக்கும் ஆங்கிலத்தில் உள்ள பெயர்களிலும் இதே இரட்டை விகுதி உண்டு. நம் மொழியில் ‘அவர்’ என்பதே பன்மைதான். அது ஒருவரை மரியாதையாகச் சுட்டும் சொல்லாக மாறிய பிறகு, பலரைக் குறிக்க இன்னொரு ‘கள்’ சேர்த்து ‘அவர்கள்’ என்கிறோம். யாரும் அதைப் பிழை என்பதில்லை.

எதை எழுதினாலும் பலகை முழுவதும் ஒரே வடிவத்தில் எழுதுங்கள். மேலே ‘கேட்டர்ஸ்’, தொலைபேசி எண்ணுக்கு மேல் ‘கேட்டரர்ஸ்’ என்று ஒரே பலகையில் இரண்டும் நிற்பதைச் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் பார்த்து வருந்தியிருக்கிறேன்.

மாணவி, ஓமலூர்

கேள்வி: கம்பளிப்பூச்சிக்கு ஆங்கிலத்தில் ‘கேட்டர்பில்லர்’ என்று பெயர். எந்நேரமும் இலையைத் தின்றுகொண்டே இருப்பதால்தான் அதன் பெயரில் ‘கேட்டர்’ இருக்கிறது என்று என் தோழி சொல்கிறாள். சரியா?

பதில்: கேட்க அழகாக இருந்தாலும் சரியில்லை. அது பழைய பிரெஞ்சில் ‘மயிரடர்ந்த பூனை’ என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. பூச்சியின் உடலில் உள்ள மயிரைப் பார்த்து அவர்கள் பூனை என்றார்கள். நாம் கம்பளி என்றோம்.

உண்மையான உறவுச் சொற்கள் வேறு இடத்தில் இருக்கின்றன. கிரிக்கெட்டில் பந்தைப் பிடித்தால் ‘கேட்ச்’ என்கிறீர்களே, அதுவும் பற்றுதலைக் குறிக்கும் அதே லத்தீன் வேரில் பிறந்தது. திருமணத்துக்குத் துணி எடுக்கப் போவதைப் ‘பர்சேஸ்’ என்று உங்கள் வீட்டார் சொல்வார்கள். அதன் பின்பகுதிக்குத் துரத்திச் செல்லுதல் என்று பொருள்; துரத்திப் பிடித்தல், தேடி அடைதல், பின்பு விலைக்கு வாங்குதல் என்று அது பொருள் மாறியது. ஆகப் ‘பர்சேஸ்’, ‘கேட்டரிங்’, ‘கேட்ச்’ மூன்றும் ஒரு குடும்பத்துப் பிள்ளைகள்.

எடுத்தலும் வாங்கலும் ஒரே சொல்லில் கூடுவது தமிழுக்கும் இயல்பானதே. ‘கொள்’ என்றால் எடுத்தல். விலைக்கு வாங்குதலும் அதுவே. இன்றும் நெல் கொள்முதல் நிலையம் என்கிறோம். பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பற்றிச் சொல்லும்போது, ‘கொள்வதூஉம் மிகைகொளாது கொடுப்பதூஉம் குறைகொடாது’ என்கிறது. ‘துணி எடுத்தோம்’ என்று நீங்கள் சொல்வதிலும் அதே வழக்குத்தான் இருக்கிறது. உங்கள் தோழியிடம் இதைச் சொல்லுங்கள். அவள் ஊகம் தவறானாலும் கேட்கத் தூண்டியது நல்லது.

வாசகர், ஏற்காடு

கேள்வி: என் தாத்தா இங்கே ஒரு காப்பித் தோட்டத்துத் துரை பங்களாவில் பட்லராக இருந்தவர். சமையலறையை அவர் கடைசிவரை ‘குசினி’ என்றே சொன்னார். இச்சொற்களுக்கும் கேட்டரிங்குக்கும் தொடர்பு உண்டா?

பதில்: முதற்சொல்லுக்கு நெருங்கிய தொடர்பு உண்டு. சேலத்தில் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் சேர்வராயன் மலையில் காப்பியைக் கொண்டுவந்த பிறகு, அங்கே தோட்ட பங்களாக்கள் எழுந்தன. அந்த பங்களாக்களின் வீட்டு நிர்வாகத்தில் வழங்கிய சொற்கள் பலவும், முன்பு சொன்ன நார்மானிய மாளிகைகளில் வழங்கியவையே. அங்கே சந்தையில் வாங்கி வருபவர் ‘கேட்டர்’. மதுப் புட்டிகளையும் பீப்பாய்களையும் காப்பவர் ‘பட்லர்’. ‘பாட்டில்’ என்று நாம் சொல்லும் சொல்லின் பிரெஞ்சு மூலத்திலிருந்து பிறந்ததே பட்லர். அங்கே புட்டிக்குக் காவலாக இருந்தவர், இந்தியாவுக்கு வந்தபோது வீட்டு வேலையாட்களுக்கெல்லாம் தலைவராகவும், பல பங்களாக்களில் சமையலுக்கும் பொறுப்பாளராகவும் ஆனார். அதே மாளிகையில் ரொட்டி வைத்திருந்த அறைதான் ‘பேன்ட்ரி’. ரொட்டியைக் குறிக்கும் ‘பானிஸ்’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. சேலம் சந்திப்பில் வந்து நிற்கும் தொலைதூர ரயில்களில் சமையல் பெட்டியைப் ‘பேன்ட்ரி கார்’ என்கிறோம் அல்லவா? இலங்கைத் தமிழர் ரொட்டியைப் ‘பாண்’ என்பதும், போர்த்துகீசியர் வழியாக வந்த அதே ‘பானிஸ்’தான். 1999இல் ரயில்வேயின் உணவுப் பணிகளுக்கென ஒரு கழகம் தொடங்கப்பட்டபோது, அதன் பெயரிலேயே கேட்டரிங் என்ற சொல் இடம்பெற்றது. எனவே இன்று கேட்டரும் பேன்ட்ரியும் ஒரே ரயிலில் போகிறார்கள்.

‘குசினி’ வந்த வழி வேறு. அது சமையலறையைக் குறிக்கும் ‘கொசின்யா’ என்ற போர்த்துகீசியச் சொல்லின் தமிழ் வடிவம். ஜன்னல், அலமாரி, சாவி ஆகியவற்றைத் தந்தவர்களே அதையும் தந்தார்கள். உங்கள் தாத்தா ஆங்கிலேயர் வீட்டில் வேலை பார்த்துக்கொண்டே போர்த்துகீசியச் சொல்லைப் புழங்கியிருக்கிறார். அவருடைய மற்றச் சொற்களையும் நினைவில் உள்ளவரை ஒரு தாளில் எழுதி வையுங்கள் என்று வேண்டிக்கொள்கிறேன். எந்தப் பாத்திரத்துக்கு என்ன பெயர், எந்தப் பதார்த்தத்தை எப்படி உச்சரித்தார் என்பதெல்லாம் அந்தத் தலைமுறையோடு மறைந்து வருகின்றன.

வாசகர், சூரமங்கலம்

கேள்வி: ‘மெஸ்’ என்றால் ஆங்கிலத்தில் குழப்பம், அலங்கோலம் என்று பொருளாமே? பிறகு ஏன் அதைச் சாப்பாட்டுக் கடைக்குப் பெயராக வைத்தார்கள்?

பதில்: சாப்பாடுதான் மூத்த பொருள். அனுப்பப்பட்டது, மேசைமேல் வைக்கப்பட்டது என்ற பொருளுடைய லத்தீன் சொல்லிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்தது அது. நம் ‘படையல்’ போல, முன்னே வைக்கப்படும் உணவு என்று கொள்ளலாம். பிறகு சேர்ந்து உண்ணும் குழுவையும், படைவீரர் உண்ணும் கூடத்தையும் குறித்து, மாணவர் விடுதி வழியாக நம் தெருவுக்கு வந்தது. பலவற்றைக் கலந்து வைத்த தீனி என்ற இடைநிலைப் பொருளிலிருந்தே குழப்பம் என்ற பொருள் பின்னர்ப் பிறந்தது.

தமிழாசிரியை, ஆத்தூர்

கேள்வி: தொழிலாக உணவு வழங்குவோருக்குப் பழந்தமிழில் பெயர் இருந்ததா? கேட்டரிங் என்பதற்கு மாணவர்களுக்கு எந்தத் தமிழ்ச்சொல்லைச் சொல்லித்தருவது?

பதில்: பெயர்கள் நிறையவே இருந்தன. ஆனால் அவை ஆளுக்கு ஆள், பண்டத்துக்குப் பண்டம் வேறுபட்டன. சிலப்பதிகாரம் புகார் நகர வீதிகளைக் காட்டும்போது, கூலக் கடைகளை அடுத்துக் காழியரையும் கூவியரையும் நிறுத்துகிறது. காழியர் பிட்டு விற்போர். கூவியர் அப்பம் விற்போர். பெரும்பாணாற்றுப்படையிலும் கரிய அகலை வைத்துக்கொண்டு பாகு சேர்த்துப் பண்டம் செய்யும் கூவியர் வருகின்றனர். இன்று பரோட்டா மாஸ்டர், டீ மாஸ்டர், சரக்கு மாஸ்டர் என்று செய்யும் பண்டத்தைக்கொண்டு ஆளைப் பிரிக்கிறோமே, அதே முறைதான்.

சமையலைக் குறிக்கும் வேர்ச்சொற்களும் தமிழில் பலவாக உள்ளன. ‘அடு’ என்றால் சமைத்தல். அதிலிருந்தே அடுப்பும், சமைத்த உணவாகிய அடிசிலும், சமையலறையாகிய அட்டிலும் பிறந்தன. ‘மடை’ என்றாலும் உணவு சமைத்தலே. கோயில் மடைப்பள்ளியில் அச்சொல் இன்றும் உயிரோடு இருக்கிறது. மடைத்தொழில் செய்தவரை மடையர் என்றார்கள். அறியாமையைக் குறிக்கும் ‘மடமை’யிலிருந்து வந்த வசைச்சொல்லோடு அது ஒலியால் ஒன்றிவிட்டதால், நல்ல தொழிற்பெயர் ஒன்றை நாம் வாய்விட்டுச் சொல்ல முடியாமல் போயிற்று. இது எனக்குத் தீராத வருத்தம்.

‘சமை’ என்பதன் பொருளோ இன்னும் விரிந்தது. சமைதல் என்றால் ஆயத்தமாதல், உரிய நிலையை அடைதல். பெண் சமைந்தாள் என்பதிலும், சிற்பி சிலை சமைத்தான் என்பதிலும் அப்பொருளே இருக்கிறது. ஆகவே சமையல்காரர் என்பவர், உண்ணத் தகாத நிலையில் உள்ள ஒன்றை உண்ணும் நிலைக்கு ஆயத்தமாக்குபவர். பொருளை வாங்கி வருவது அச்சொல்லுக்குள் அடங்கவில்லை. அதற்கு நம்மிடம் இருந்த சொல் ‘உக்கிராணம்’. தெலுங்கிலும் கன்னடத்திலும் வழங்கும் அச்சொல் சேமிப்பு அறையைக் குறிக்கும். அதைக் கவனிப்பவர் உக்கிராணக்காரர். வாங்குபவர் பெயரால் ஆங்கிலம் விருந்தைப் பார்த்தது. ஆயத்தம் செய்பவர் பெயரால் நாம் பார்த்தோம். விருந்து என்ற சொல்லுக்கோ புதுமை என்பதே முதற்பொருள். தொல்காப்பியர் புதிதாகப் புனையும் செய்யுளையும் ‘விருந்து’ என்றே சொல்கிறார். வீட்டுக்குப் புதிதாக வந்தவர் விருந்தாகி, பிறகு அவருக்கு இடும் உணவும் விருந்தாயிற்று.

மாணவர்களுக்கு என்ன சொல்லித்தருவது என்று கேட்டீர்கள். ‘உணவு வழங்கல்’ என்று சிலர் எழுதுகிறார்கள். அதில் பரிமாறுவது மட்டுமே தெரிகிறது. ‘சமையல் ஒப்பந்தம்’ என்றால் வாங்கும் வேலை விட்டுப்போகிறது. ‘உணவேற்பாடு’ என்பதையே நான் விரும்புகிறேன். வாங்குவது, சமைப்பது, பரிமாறுவது, இலை எடுப்பது ஆகிய யாவும் ‘ஏற்பாடு’ என்ற ஒரு சொல்லில் அடங்கிவிடும்; அது எல்லோருக்கும் புரிந்த சொல்லும்கூட. திருமணம் போன்ற நிகழ்ச்சிகளுக்கு ‘விருந்தேற்பாடு’ எனலாம். பேச்சில் கேட்டரிங் என்று சொல்பவரைத் திருத்திக்கொண்டிருக்க வேண்டாம். கட்டுரையிலும் அழைப்பிதழிலும் அறிவிப்பிலும் தமிழ்ச்சொல்லை எழுதிப் பழகினால், அது மெல்லப் பேச்சுக்கும் வரும். ‘உணவகம்’ அப்படித்தான் வந்தது.

வாசகர், குகை, சேலம்

கேள்வி: எங்கள் பங்காளி வீட்டுத் திருமணத்துக்கு வேலைப் பங்கீட்டுத் தாள் தயாரித்தார்கள். என் பெயருக்கு நேரே ‘பந்தி விசாரணை’ என்று எழுதியிருந்தது. விசாரணை என்பது காவல்துறைச் சொல் அல்லவா? அதுவும் சமையல், பரிமாறுதல் எல்லாம் கேட்டரிங்காரரிடம் கொடுத்தாயிற்று. எனக்கு அங்கே என்ன வேலை?

பதில்: ‘பந்தி’ என்பது வரிசையைக் குறிக்கும் ‘பங்க்தி’ என்ற வடசொல்லின் தமிழ் வடிவம். ‘விசாரம்’ என்றால் ஆராய்தல், எண்ணிப் பார்த்தல். கேட்டு அறிதல் என்ற விரிந்த பொருளில்தான் விசாரணை தமிழில் வழங்கியது. நலம் விசாரித்தல் என்று இன்றும் சொல்கிறோம். காவல்நிலையத்து விசாரணை அப்பொருளின் ஒரு சிறு பகுதியே. எனவே தாளில் எழுதியதில் பிழையில்லை.

உங்கள் வேலை இதுதான். பந்தி தொடங்கியதும் வரிசையின் தலைமாட்டில் நில்லுங்கள். பரிமாறுகிறவருக்கு யார் யார் என்பது தெரியாது, உங்களுக்குத் தெரியும். சர்க்கரை நோய் உள்ள பெரியப்பாவுக்குப் பாயசம் வைக்கும் முன் சைகை காட்டுங்கள். குழந்தையை மடியில் வைத்திருக்கும் பெண்ணுக்கு இரண்டாம் சாதம் போய்ச் சேர்ந்ததா என்று பாருங்கள். மறுகோடியில் தனியாக வந்து உட்கார்ந்திருக்கும் முதியவரிடம் குனிந்து, ‘ரசம் ஊத்தச் சொல்லட்டுங்களா?’ என்று கேளுங்கள்.